1,37,423 நாற்றுகளை மிச்சமில்லாமல் அடுக்க முடியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறோம். கைவசம் 1,37,423 உறை நாற்றுகள். பாத்திக்குப் பாத்தி ஒரே எண்ணிக்கை இருந்தால் கணக்குப் பார்ப்பது சுலபம். உறை ஒன்று 3 அங்குலம்; பாத்தியின் குறுக்கே 10 முதல் 14 உறை வரைதான் கை எட்டும். 10, 12 இரண்டிலும் மீதி வருகிறது. இது எதிலுமே வகுபடாத எண்ணா?

பதில்: வகுபடும். 10, 12, 14 மூன்றையும் விட்டுவிடுங்கள். உங்கள் எண் ஒற்றைப்படை. பாக்கி இருப்பது 11, 13.

இந்த இரண்டுக்கும், கூடவே 7க்கும், ஒரே சோதனை போதும். 7 × 11 × 13 = 1,001. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 137, 423. (நாம் போடும் லட்சக் கமா இங்கே காலை வாரிவிடும், அதைப் பார்க்காதீர்கள்.) 423இல் 137 போனால் 286. உங்கள் எண் என்பது 137 × 1,001 + 286 தானே? முன்பகுதி 7, 11, 13 மூன்றிலும் வகுபடும். ஆகவே இந்த மூன்றில் 286 எதில் வகுபடுகிறதோ, முழு எண்ணும் அதில் வகுபடும். 286 = 2 × 11 × 13. அப்படியென்றால் 11 உண்டு, 13 உண்டு, 7 கிடையாது. ஆறு இலக்கத்துக்கு மேல் போனால் மும்மூன்று இலக்கத் தொகுதிகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

11ஐயும் 13ஐயும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 961. அது 31 × 31. ஆக, 1,37,423 = 11 × 13 × 31 × 31. இது மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால், அதை உறுதி செய்யவே 370 வரையுள்ள 73 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும்!

சரி, பாத்திக்கு வருவோம். குறுக்கே 11, நீளத்தில் 31 என்று வைத்தால் பாத்திக்கு 341 நாற்று, மொத்தம் 403 பாத்தி. குறுக்கே 13 வைத்தால் அதே இரண்டு எண்களும் இடம் மாறும்: பாத்திக்கு 403, மொத்தம் 341 பாத்தி. இரண்டிலுமே நீளம் 93 அங்குலம், அதாவது ஏழே முக்கால் அடி. சரிவில் படிப்படியாக வெட்டிய நிலத்துக்கு இந்தக் குட்டைப் பாத்திதான் வசதி. கை எட்டுவதற்கு 11 நல்லது என்பேன்.

அடுக்குவதற்கு முன் பட்டுப்போனவற்றைக் கழித்துவிட்டு மறுபடி எண்ணிவிடுங்கள். ஒன்றே ஒன்று குறைந்து 1,37,422 ஆனாலும் 10 முதல் 14 வரை எதிலும் சரியாக வராது. ஒன்று கூடினாலோ நிலைமையே வேறு. 1,37,424க்கு 40 வகுத்திகள், உங்கள் எண்ணுக்கு 12 மட்டுமே. அப்போது நீங்கள் கேட்ட 12 உறைப் பாத்தியே அமையும்: குறுக்கே 12, நீளத்தில் 28, மொத்தம் 409 பாத்தி.