தம்பி, அந்த மிலிட்டரி பேண்ட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

நீடாமங்கலத்திலிருந்து மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக் வேலைக்கு வரவிருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். அறை எப்படி இருக்கும், நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா, வெயில் தாங்குமா, புதிதாக வாங்கிய மிலிட்டரி பேண்ட்டுகளை வேலைக்குப் போட்டுக்கொள்ளலாமா?

முதல் மூன்றுக்கும் கவலைப்படாதீர்கள். அறையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மஸ்கட்டின் ரூவி பகுதியில் இட்லி, தோசை, மீன்குழம்பு எல்லாம் கிடைக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை திறந்தவெளியில் வேலை வாங்க அரசே தடை போட்டிருக்கிறது. நான்காவது கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள்.

போடக் கூடாது. ஓமானில் ராணுவத்தினர் அல்லாதவர்கள் அந்தத் திட்டுத்திட்டான பச்சை, பழுப்புத் துணியை உடுத்தக் கூடாது. முத்திரை இல்லை, தோள்பட்டை இல்லை, வெறும் கடைத்துணிதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இது ஓமானின் தனி வழக்கமும் இல்லை. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் எனக் கரீபியத் தீவுகள் பலவற்றிலும் இதே தடை உண்டு. பார்படோஸில் சின்னப் பிள்ளைக்குக்கூடப் போடக் கூடாது.

நான் வந்த விமானத்திலேயே முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படிப்பட்ட மேல்சட்டையோடு வந்தான். விமான நிலையத்தில் அதைக் கழற்ற வைத்து வாங்கிக்கொண்டார்கள். பனியனோடு அந்தக் குளிரில் நின்றான். மொழி தெரியாது, யாரிடம் கேட்பது என்று தெரியாது. எங்கள் இருவரிடமும் பணம் வாங்கிய ஏஜென்ட் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழைத்துப் போக ஆள் வரும் என்றார், விடியும் வரை யாரும் வரவில்லை. டெல்டாவில் நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டுகிற பையன்களிடம் ஒரு நாட்டின் சட்டத்தை ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கக்கூட இவர்களுக்கு மனம் வராது. என்னோடு வேலை பார்த்த மலையாளிகள் அப்படி இல்லை. முன்னால் வந்த உறவுக்காரரிடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் அவர்கள் விமானம் ஏறுவார்கள். நம் ஆட்கள் ஏஜென்ட் சொன்னதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வேலை ஒப்பந்தம் இ-மைக்ரேட் என்ற இந்திய அரசின் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சட்டத்தை விடுங்கள். என் அறையில் மட்டக்களப்புக்காரர் ஒருவர் இருந்தார். நிதானமானவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஒருநாள் நம் பக்கத்துப் பையன் ஒருவன் அந்த நிறத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுவிட்டார். சோதனைச் சாவடியில் அண்ணனை இறக்கிக்கொண்டு போனவர்களும் அந்த உடையில்தான் இருந்தார்கள், தம்பியை இயக்கத்துக்குக் கூட்டிப்போக வந்தவர்களும் அதே மாதிரியான உடையில்தான் வந்தார்கள் என்று பிறகு சொன்னார். அந்தப் பையன் சிரித்தான். எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. உங்கள் அறையிலும் அப்படி ஒருவர் இருக்கலாம்.

இப்போது விடுமுறையில் மன்னார்குடி வந்திருக்கிறேன். பந்தலடிப் பக்கம் நடந்தால் அந்தத் துணி தொங்காத கடை குறைவு. ஊரில் எல்லோரும் போடுகிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். படைவீரன் என்று பிறரை நம்பவைக்கும் எண்ணத்தோடு போட்டால்தான் இங்கே குற்றம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு, மூன்று மாதம் வரை சிறை. அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் போடக் கூடாது என்பதே என் வாதம். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத்தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதன் பிறகு அதைப் பொதுமக்கள் உடுத்த வேண்டாம், கடைகள் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. 2022இல் புதிய சீருடை கொண்டுவந்தபோது அந்த வடிவத்தின் உரிமையைப் பதிவுசெய்து, வெளிச்சந்தையில் விற்கக் கூடாது என்றார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ராணுவத்தினர் இடிபாடுகளை அகற்றினார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாய்மார்கள் அந்த உடையைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்கள். யாரிடம் போவது என்று உடை சொல்லியது. பத்துப் பேரில் ஆறு பேர் அதையே போட்டுத் திரிந்தால், நாளைக்கு அப்படி ஒரு நாள் வரும்போது யாரை நம்பிப் போவது? கார்கிலில் 1999இல் உயிர்விட்ட மேஜர் சரவணன் திருச்சியில் வளர்ந்தவர். அவர் போட்டிருந்ததைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாற்றங்காலிலும் டிராக்டரிலும் அதைப் போட்டு உழைப்பவர்களை நான் சொல்லவில்லை. மலிவு, சேறு தெரியாது, சீக்கிரம் கிழியாது. அவர்களுக்கு அதே விலையில் கெட்டியான காக்கித் துணி கிடைத்தால் மாறிவிடுவார்கள். கழுத்தில் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியுமாக, வெளிநாட்டிலிருந்து வந்து அந்தத் தொப்பியோடு கல்யாண வீட்டில் சுற்றுகிறவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம்.

வேலைக்கு உங்களுக்குக் கவரால், அதாவது உடம்பு முழுக்க மூடும் வேலை உடை, கொடுப்பார்கள். வெளியில் போக வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்திச் சட்டை போதும். ஓமான்காரர்கள் அரசு அலுவலகத்துக்குத் தங்கள் நீள அங்கியில்தான் போவார்கள்; உடையை மதிக்கிற ஊர் அது. நானும் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல்தான் டிரைவிங் லைசென்ஸ் தேர்வுக்குப் போனேன். முதலில் டிரம் டெஸ்ட். டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும், ஒன்றிலும் படக் கூடாது. எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த, பலூஷி இனத்தைச் சேர்ந்த ஓமான்காரர் கண்ணாடியை மட்டும் பார், கழுத்தைத் திருப்பாதே என்று அரபியில் திட்டித் திட்டியே அரபியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டார். லைசென்ஸ் கிடைத்த பிறகுதான் என் சம்பளம் உயர்ந்தது. ஏசி வேலையில் சொந்தமாக வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் மதிப்பு. முதல் ஆண்டிலேயே அதற்குப் பணம் ஒதுக்கத் தொடங்கிவிடுங்கள்.