பாதுகாப்புச் சட்டங்களுக்காகத் தனிமனித சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது தகுமா?

பெரும்பாலும் தகும், எப்போதும் அல்ல. "பாதுகாப்பா, சுதந்திரமா" என்று மொத்தமாகக் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொரு சட்டமாக எடுத்து, அது யாரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சீட் பெல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட் 1959-லேயே வோல்வோ கார்களில் வந்துவிட்டது. பிரிட்டன் அதை முன்சீட்டுக்குக் கட்டாயமாக்கியது 1983-ல்தான். அதுவரை பத்தில் நான்கு பேர்தான் போட்டார்கள், சட்டம் வந்ததும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போட ஆரம்பித்துவிட்டார்கள். முன்பு போடாமல் இருந்தவர்கள் எல்லாம் கொள்கைக்காகவா போடாமல் இருந்தார்கள்? இங்கேதானே போகிறோம் என்ற அசட்டை, அவ்வளவுதான். அதிலும் பின்சீட்டில் பெல்ட் போடாதவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை, ஏனென்றால் கார் எதிலாவது மோதி நின்றாலும் அவர் உடம்பு நிற்காது, வந்த வேகத்திலேயே பாய்ந்து முன்சீட்டை இடித்து, அங்கே ஒழுங்காகப் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரை நசுக்கும். பெல்ட் போடுவது இரண்டு நொடி வேலை. இதைச் சுதந்திர இழப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உண்மையிலேயே இழப்பு ஏற்படும் இடங்களும் உண்டு. அதே பிரிட்டனில் 1973-ல் மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமானபோது சீக்கியர்கள் தலைப்பாகையைக் கழற்ற மறுத்துப் போராடினார்கள், 1976-ல் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. தலைப்பாகை கட்டியவருக்கு ஆபத்து ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனாலும் அந்த விலக்கு நியாயம்தான், ஏனென்றால் அவர்கள் மறுத்தது சோம்பலால் அல்ல.

இன்னொன்று, இதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை: சட்டம் நல்லதாக இருந்தாலும் அபராதம் போடும் கை யாருடையது? அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்று 1993-லிருந்து சட்டம் இருந்தது. அபராதச் சீட்டு கறுப்பின மக்களுக்கும் வீடில்லாமல் தெருவில் வாழ்பவர்களுக்குமே அளவுக்கு மீறிப் போகிறது என்று தெரிந்ததும், 2022-ல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போலீஸ் ஒருவரை மடக்குவதற்கு அது சாக்காகிவிட்டது என்பதுதான் பிரச்சினை, எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

அப்புறம், "நீ அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு மக்கள் வரிப்பணம்தானே, அதனால் உன்னைக் கட்டுப்படுத்தலாம்" என்ற வாதம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அப்படிப் பார்த்தால் மலையேறுவதையும் தடுக்கலாம், இனிப்பு சாப்பிடுவதையும் தடுக்கலாம். வளர்ந்த மனிதர் ஒருவர் தனக்கு மட்டுமே ஆபத்தான ஒன்றைத் தெரிந்தே செய்கிறார் என்றால் எச்சரிக்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம். குழந்தைகளைக் காரில் அவர்களுக்கான இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்ற சட்டத்தை மட்டும் நான் ஒருபோதும் விட்டுத்தர மாட்டேன், அங்கே முடிவெடுப்பது ஒருவர், அடிபடுவது வேறொருவர்.