கலிஃபோர்னியாவின் இன்யோ கவுண்டியில் டெத் வேலியைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது? மீதி வெறும் பொட்டல்தானே?

நீங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் கார் எடுத்து, பகலில் டெத் வேலி, ராத்திரி லாஸ் வேகாஸ் என்று திட்டம் போட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இதே திட்டம்தான். கேள்வியின் கடைசி வரியைப் படித்த பிறகு சும்மா போக மனசு வரவில்லை.

பூகோளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெவாடா மாநிலத்தை ஒட்டிய கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). பரப்பு 26,000 சதுர கி.மீ.க்கு மேல், 2020 கணக்கெடுப்பில் மக்கள் 19,016 பேர். அலாஸ்காவை விட்டுவிட்டால் நாட்டிலேயே உயரமான விட்னி சிகரம் (14,505 அடி) மேற்கு எல்லையில் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் பேட்வாட்டர் கிழக்கே, டெத் வேலிக்குள். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 140 கி.மீ.கூட இல்லை. இதெல்லாம் எந்தப் பயண வீடியோவிலும் கிடைக்கும்.

எனக்கு உறைத்தது இதே கவுண்டியின் மேற்குப் பக்கம் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு 395-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். லோன் பைன் என்ற சின்ன ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் காற்று கிளம்பி, வலது பக்கம் முழுக்க வெள்ளைப் புழுதி. தூத்துக்குடிக்காரர் இல்லையா, "உப்பளமாம்மா?" என்றார். ஏரி என்றேன். அவர் நம்பவில்லை.

ஏரியேதான். சுமார் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு நீராவிப் படகு ஓடிய ஏரி. 1905 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் இங்கே வந்து நிலமும் தண்ணீர் உரிமையும் வாங்க ஆரம்பித்தார். மத்திய அரசின் பாசனத் திட்டம் வரப்போகிறது, அதற்காகத்தான் வாங்குகிறார் என்று நினைத்து விற்ற விவசாயிகள் உண்டு. அப்புறம் பொறியாளர் மல்ஹாலந்து இங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு 375 கி.மீ.க்குக் கால்வாய் வெட்டினார். பம்ப் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே ஓடியது. 1913 நவம்பர் 5 அன்று திறப்பு விழாவில், "அதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாராம். அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் ஏரி காய்ந்துவிட்டது. 1924-இல் உள்ளூர்க்காரர்கள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றி, தண்ணீரை ஆற்றிலேயே திருப்பிவிட்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தார்கள். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாட்டர்சன் சகோதரர்களின் வங்கி 1927-இல் விழுந்து, அவர்கள் பணமோசடி வழக்கில் சிறைக்கும் போனார்கள். அத்தோடு எதிர்ப்பு ஓய்ந்தது. இன்றைக்கும் கவுண்டியில் சுமார் 2.5 லட்சம் ஏக்கர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் பெயரில்தான் இருக்கிறது.

லோன் பைனில் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பரிமாறிய அம்மா கேட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் என்றேன். தம்ளரில் தண்ணீரை ஊற்றி, "குடிங்க, உங்களுதுதானே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தத் தண்ணியைக் குடித்துக்கொண்டே நியாயம் பேசுகிறாயே" என்று கமெண்டில் வருவார்கள். குடிக்கிறேன்தான். விவசாயிகள் நல்ல விலைக்கு விற்றார்களே என்பார்கள். பலர் விற்றார்கள். அந்த விவசாயிகளும் பையூட் பழங்குடி மக்கள் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய மண்ணில்தான் வந்து உட்கார்ந்தவர்கள். 1863-இல் ராணுவம் அம்மக்களை நடக்க வைத்தே தெஹோன் கோட்டைக்கு ஓட்டிச் சென்றது. நான் வரலாற்று ஆசிரியை இல்லை, ஒரு பக்கத்துக்கு வக்காலத்தும் வாங்கவில்லை.

மான்சனாரைக் கட்டாயம் பாருங்கள். பையூட் நிலமாக இருந்து, பிறகு ஆப்பிள் தோட்டமாகி, நகரம் வாங்கியதும் காய்ந்துபோன இடம். 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, அரசாங்கம் அதே இடத்தில் முகாம் போட்டு, ஜப்பானிய வம்சாவளியினர் பத்தாயிரம் பேரை முள்வேலிக்குள் அடைத்தார்கள். அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

இங்கே இன்னொரு பயணத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூட வந்த உறவுக்காரத் தம்பதி காரை விட்டே இறங்கவில்லை. "அவுட்லெட் மால் மூடிடுவாங்க, சீக்கிரம் வாங்க" என்று போன் மேல் போன். வருகிறவர்களுக்கு நாங்கள் டிரைவர், சமையல்காரி, கூப்பன் தேடுகிற ஆள். ஊருக்குப் போய் "அங்கே ஒண்ணுமே இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, விடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் 1913-இல் 56.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. மான்சனாருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். டெத் வேலிக்குள் பெட்ரோல் விலை கூடுதல், லோன் பைனிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.