ஒரு வருடம் கழித்து வரும் எரிவாயுக் கணக்கு

தம்பி, ஜெர்மனியில் வீடு எடுக்கப்போகிறேன், வீட்டைச் சூடாக்கும் செலவுக்கும் மாதாமாதம் முன்பணம் கேட்கிறார்கள், எங்கோ நடக்கும் போருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் அது உங்கள் கைக்கு வந்து சேர ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது அந்தத் தாமதத்தில்தான்.

2021-ல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து குழாய் வழியே வந்தது. எண்ணெய்க் கப்பல் ஒன்று வராவிட்டால் வேறொன்றைத் திருப்பிவிடலாம். குழாயைத் திருப்ப முடியாது. திரவ எரிவாயுவைக் கப்பலிலிருந்து இறக்க நாட்டுக்குச் சொந்தமாக ஒரு முனையம்கூட அன்று இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் பெரும்படையோடு புகுந்தது. ஜூனில், ரஷ்யாவிலிருந்து கடலடியில் நேராக ஜெர்மனிக்கு வரும் நார்ட் ஸ்ட்ரீம் குழாயில் வரத்து குறைந்தது, ஆகஸ்ட் கடைசியில் நின்றேபோனது. அந்த மாதம் ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட் மணி (1000 கிலோவாட் மணி) எரிவாயு 300 யூரோவைத் தாண்டியது. 2020-க்கு முன் பல ஆண்டுகள் அது 20 யூரோவை ஒட்டித்தான் இருந்தது. எரிவாயுவில் ஓடும் மின்நிலையங்கள் இருப்பதால் மின்சாரமும் ஏறியது. உரம், கண்ணாடி, ரொட்டி எல்லாம் பின்னாலேயே வந்தன. அந்த ஆண்டு விலைவாசி 6.9 சதவீதம் உயர்ந்தது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் பழைய முன்பணத்தையே கட்டிக்கொண்டிருந்தேன். கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் உண்மையான செலவுக் கணக்கைக் கொடுத்தால் போதும் என்பது இங்குள்ள சட்டம். எனக்கு 2023 கடைசியில் கடிதம் வந்தது. நாக்ஸாலுங், அதாவது கட்ட வேண்டிய மீதி, ஒரு மாத வாடகையைவிட அதிகம். போர்ச் செய்தி தினமும் கேட்டும் அது என் வீட்டுக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அரசு 2022 டிசம்பர் தவணையைத் தானே ஏற்றது. 2023-ல் வழக்கமான பயன்பாட்டில் 80 சதவீதத்துக்கு கிலோவாட் மணிக்கு 12 சென்ட் என்று உச்சவரம்பும் வைத்தது. அந்த வரம்பு அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. விளம்பரத்தில் உள்ள கால்ட்மீட்டே, அதாவது வெறும் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கையெழுத்துக்கு முன் அந்த வீட்டின் போன வருடக் கணக்கைக் கேளுங்கள். முன்பணம் அதைவிடக் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், வித்தியாசம் பின்னால் வரும். குடிபோகும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். எரிவாயு விலை ஏறுகிறது என்று செய்தி வந்தால் அந்த மாதமே ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள்.

பயந்து ஹீட்டரை முழுக்க அணைத்துவிடவும் வேண்டாம். பொதுச் சூடாக்கி உள்ள கட்டடங்களில் செலவின் ஒரு பகுதி வீட்டின் பரப்பளவை வைத்தும் பிரிக்கப்படும், அணைத்தாலும் அது வரும். சூடில்லாமல் சுவரில் பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரரோடு வேறு சண்டை. கணக்கில் சந்தேகம் வந்தால் ரசீதுகளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தால் அவர்களே சரிபார்த்துக் கொடுப்பார்கள். நான் அந்தக் கடிதம் வந்த அடுத்த வருடம்தான் சேர்ந்தேன், நீங்கள் முதல் குளிர்காலத்துக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.