வினைல் கூரை நீக்கிய ஜாகுவார் எக்ஸ்ஜே-சி: வாங்கலாமா?

பர்மிங்காமில் விலைக்கு வந்திருக்கும் 1976 ஜாகுவார் எக்ஸ்ஜே-சி என்ற இரண்டு கதவு காரில், கூரைத் தகட்டின் மேல் ஒட்டியிருந்த வினைல் உறையை எடுத்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், சந்தேகமாக இருக்கிறது என்கிறீர்கள். வினைல் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆலையிலிருந்து எல்லா எக்ஸ்ஜே-சியும் அதோடுதான் வந்தன. ஆனால் வினைலுக்கு அடியில் ஈரம் தங்கினால் கூரைத் தகடு துருப்பிடித்துவிடும். அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதுதான் கேள்வி. பெயிண்டுக்கு முன் எடுத்த வெறும் தகட்டின் படங்களைக் கேளுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பின்கண்ணாடியின் கீழ்மூலைகளில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகடு இல்லை, துருவை மறைக்கப் பூசிய பட்டிதான். அப்புறம் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். முன், பின் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு இடையே நடுத்தூண் இல்லாத வண்டி, கொஞ்சம் காற்றிரைச்சல் அதன் பிறவிக்குணம். பின்பக்கவாட்டுக் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றால் மட்டும் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.