வாசகர் கேள்வி - பதில்: பனிக்காலமும் லைன் வீட்டுப் பெரியவர்களும்

கேள்வி: தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு எங்கள் குழு கம்பளி கொடுக்கப் போகிறது. எந்த மாதிரி வாங்கலாம்? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: உறைபனி விழும்வரை காத்திருக்காமல் நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். கனமான கம்பளி ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு மேல். நடுவில் நிற்கும் காற்று சூட்டைக் காக்கும். கனத்ததைத் துவைத்தால் மேகமூட்டத்தில் நாள்கணக்கில் காயாது. ஈரத்தோடு எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள். தரையில் படுப்பவருக்குக் கீழே விரிக்கவும் கட்டாயம் ஏதாவது வேண்டும். சிமென்ட் தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருந்தால், மேலே எத்தனை போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. பாய், அதன்மேல் மடித்த சாக்கு, பழைய ஜமக்காளம் போதும். மேட்டுப்பாளையத்தில் மொத்தமாக வாங்கினால் பிளாஸ்டிக் உறையைக் கடையிலேயே கழற்றிவிடுங்கள். மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

கம்பளியைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, குளிர்காய வீட்டுக்குள் வைத்திருக்கும் கரிச்சட்டி. "புகையே இல்லையே" என்பார்கள். கனிந்த கரியில் புகை வராது, கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது. சன்னல் இடுக்கில் துணி அடைத்த அறையில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். படுக்குமுன் சட்டியை வெளியே வைக்கச் சொல்லுங்கள். சாம்பல் மூடிய கரி அணைந்த கரி அல்ல. காலையில் தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்றால், அதுவும் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தால், பித்தம் என்று விட்டுவிடாதீர்கள். வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இதில் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரியும். 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

சட்டியை எடுக்கச் சொன்னால் மாற்று கொடுக்க வேண்டுமல்லவா? ரப்பர் வெந்நீர்ப் பை வாங்குங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிட வேண்டும். கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: லைன் வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரையும் நாங்களே வாங்கித் தரலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் என்றால் தேவையில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். விடுபட்டவர் பெயரைக் கிராமச் செவிலியரிடம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்லிப் பெரியவர்கள் நம்பி நீட்டினாலும் ஏடிஎம் அட்டையை மட்டும் கையில் வாங்காதீர்கள். பிறகு நூறு ரூபாய் குறைந்தாலும் பேச்சு உங்கள்மேல்தான் வரும்.