ஏஜென்ட் அவசரப்படுத்தினால்…

கேள்வி: முதன்முதலாக அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கப்போகிறோம். ஏஜென்ட் தங்கமானவர், அலுக்காமல் ஆறு வீடுகள் காட்டினார். ஆறாவது பிடித்துவிட்டது. இப்போது, “இன்னொரு பார்ட்டி நாளைக்கே அட்வான்ஸ் தரத் தயார், இன்றைக்கே டோக்கன் கொடுத்துவிடுங்கள்” என்கிறார். கணவரும் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வீணாகச் சந்தேகப்படுகிறேனா?

பதில்: இல்லை சகோதரி, உங்கள் மனசு சரியான இடத்தில்தான் முரண்டு பிடிக்கிறது. அந்த இன்னொரு பார்ட்டி நிஜமாகவே இருக்கலாம். இருந்தாலும் இன்றைக்குக் கொடுக்காதீர்கள். வீடு கைநழுவினால் வேறு பார்க்கலாம். கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

முதலில் ஏஜென்ட்டிடம், “கமிஷன் எங்களிடம் மட்டுமா, விற்பவரிடமும் உண்டா?” என்று நேராகக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் வாங்குகிறவர் உங்களுக்காக விலையை அடித்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. உங்களிடம் மட்டும்தான் என்றாலும், பெரும்பாலும் கமிஷன் விலையில் இத்தனை சதவீதம் என்றுதான் இருக்கும். 2 சதவீதம் என்று வையுங்கள். அவர் மல்லுக்கட்டி விலையில் நூறு குறைத்தால், அவர் வரும்படியில் இரண்டு குறைகிறது. பேரத்தை இழுப்பதைவிடச் சீக்கிரம் முடிப்பதுதான் அவருக்கு லாபம்.

அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசி, லெவிட், சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏஜென்ட்டுகள் சொந்த வீட்டை விற்கும்போது மட்டும் சுமார் 10 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் போல அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். தன் வீடு என்றால் பொறுமை தானாக வந்துவிடுகிறது. உங்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

அடுத்தது குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு. இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். வீட்டோடு சேர்த்து லிஃப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் எல்லாவற்றின் செலவிலும் நீங்கள் பங்காளி ஆகிறீர்கள். மூன்று வருடக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். ‘மொட்டைமாடி ஒழுகல்’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுதியிருந்தால், இன்னும் சரிசெய்யவில்லை என்று அர்த்தம்; அந்தச் செலவில் உங்கள் பங்கும் காத்திருக்கிறது. மாதப் பராமரிப்புக் கட்டணம் ரொம்பக் குறைவு என்று ஏஜென்ட் பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும். சேமிப்பு இல்லாத சங்கத்தில் லிஃப்ட் பழுதானால் ஒரே நாளில் பெரிய தொகை கேட்பார்கள். விற்பவர் பாக்கி வைக்கவில்லை என்று சங்கத்தின் கடிதமும் வேண்டும்.

நான் முதல் வீடு பார்த்தபோது, குளியலறைக் கூரையின் ஒரு மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. “சும்மா டச்-அப்” என்றார் காட்டியவர். நானும் தலையாட்டினேன். குடிபோன மூன்றாம் மாதம் அதே இடத்தில், அதே அகலத்தில் மஞ்சள் கறை வந்தது. மேல்வீட்டுக் கசிவு. அவர்களைச் சம்மதிக்க வைத்துச் சரிசெய்ய ஒன்றரை வருஷம் ஆனது.

அதனால், ஏஜென்ட் இல்லாமல் ஒரு மாலை நேரத்தில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். மேல்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இரண்டு வார்த்தை பேசுங்கள். பத்திரங்களைப் பார்க்க நீங்களே ஒரு வக்கீலை வையுங்கள். ஏஜென்ட் கூட்டிவருபவர் வேண்டாம். டோக்கன் அப்புறம்தான். அதையும், கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் வில்லங்கம் இருந்தாலோ முழுசாகத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இதையெல்லாம் ஏஜென்ட்டிடமே சொல்லி, ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அவரே அலைந்து சங்கக் கணக்கையும் பத்திர நகல்களையும் கொண்டுவந்து கொடுத்தால், நீங்கள் நினைத்தபடி அவர் தங்கமானவர்தான். அவருடைய கமிஷனை மனசாரக் கொடுங்கள்.